குட்டிப் பாம்பு சாப்பிடவில்லை, உயிருள்ள எலி கொடுக்கலாமா?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு தாய், மிருக வைத்தியரான எனக்கு எழுதியிருக்கிறார்:

"வணக்கம் டொக்டர். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருஷமாகக் கெஞ்சிக் கேட்டு, ஐந்து வாரத்துக்கு முன் ஒரு கோர்ன் ஸ்நேக் குட்டி வாங்கிக் கொடுத்தோம். மூன்று மாதக் குட்டி. பெயர் முத்து. கடையில் உறைய வைத்த எலிக்குஞ்சை நான்கு தரம் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். இங்கே வந்து முதல் வாரம் ஒன்று சாப்பிட்டது, அதற்குப் பிறகு நான்கு வாரமாக ஒன்றுமே இல்லை. மைக்ரோவேவில் இளக்கி, தனியாக ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் பாம்பை விட்டு, முன்னால் வைக்கிறோம். ஒவ்வொரு நாளும் வைத்துப் பார்க்கிறோம். முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மகன் பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் கையில் எடுத்து வைத்திருந்து கவலைப்படுகிறான். கண்ணாடித் தொட்டிக்குக் கீழே சூட்டுத் தகடு இருக்கிறது, ஒட்டியிருக்கிற வெப்பமானி 24 காட்டுகிறது. கணவரின் நண்பர், 'செத்ததைப் பாம்பு தின்னாது, உயிரோடு ஒன்று போடுங்கள்' என்கிறார். என் அம்மாவோ, எலி இருக்கிற பிரீசரிலிருந்து இனி மீன் எடுத்துச் சமைக்க மாட்டேன் என்கிறா. வீட்டில் மூன்று வயது மகளும் இருக்கிறாள். நான் யார் சொல்வதைக் கேட்பது?"

அன்பான சகோதரிக்கு,

முதலில் உங்கள் அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஏன் என்று பிறகு விளக்கமாகச் சொல்கிறேன். கணவரின் நண்பர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

முத்து செத்த எலியைச் சாப்பிடத் தெரியாத பாம்பு இல்லை. கடையில் நான்கு, உங்கள் வீட்டில் ஒன்று, ஆக ஐந்து தரம் சாப்பிட்டிருக்கிறது. முட்டையிலிருந்து வந்து ஒருமுறைகூட வாய் திறக்காத குட்டிகளும் உண்டு. அவற்றைப் பழக்குவது உண்மையிலேயே கஷ்டம். உங்கள் குட்டி அந்தக் கூட்டத்தில் இல்லை. ஐந்து தரம் சாப்பிட்ட பாம்பு திடீரென்று நிறுத்தினால், நான் எலியைப் பார்க்க மாட்டேன், பாம்பு இருக்கிற இடத்தைத்தான் பார்ப்பேன். உங்கள் கடிதத்தில் அதற்கான காரணங்கள் எல்லாமே வரிசையாக இருக்கின்றன: குளிர், தனிப் பெட்டி, ஒவ்வொரு நாளும் கை படுவது, மைக்ரோவேவ்.

சூட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதற்குப் பின்னால்தான். கோர்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பாம்பு. புளோரிடா, ஜோர்ஜியா போன்ற வெயில் இடங்களில் வாழ்வது. நமக்கு உடம்புக்குள்ளேயே சூடு உண்டாகிறது, அதற்கு அப்படியில்லை. வெளியிலிருந்து வாங்கித்தான் வயிறு வேலை செய்யும். போதிய சூடு இல்லாவிட்டால் விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றுக்குள் கிடந்து பழுதாகும், பிறகு கக்கிவிடும். அதனால் குளிரில் இருக்கும் பாம்பு சாப்பிட மறுப்பது பிடிவாதம் இல்லை. செரிக்க வைக்க முடியாததை அது எடுக்காமல் இருக்கிறது.

கண்ணாடியில் ஒட்டுகிற வெப்பமானி கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், பாம்பு படுத்திருக்கும் தரையின் சூட்டை அல்ல. நுனியில் கம்பி உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கி, அந்த நுனியைச் சூட்டுத் தகடு இருக்கும் பக்கம், பாம்பு படுக்கும் இடத்திலேயே வையுங்கள். அங்கே 28 முதல் 30 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். மற்றப் பக்கம் 22, 24 என்று குளிர்ந்திருக்கட்டும். இரண்டும் வேண்டும், அப்போதுதான் பாம்பு தானே இடம் மாறி உடம்புச் சூட்டைச் சரி செய்துகொள்ளும். தகட்டின் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் பற்றி நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் எலியைவிட முதலில் அதை வாங்குங்கள். கட்டுப்பாடில்லாத தகட்டின் மேல் படுத்து வயிறு வெந்துபோன பாம்புகளுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். சூடு அதிகமாகிறதென்று அவை பல நேரம் எழுந்து போவதில்லை. பார்க்கவே மனம் தாங்காது.

அடுத்தது ஒளிவிடம். காட்டில் இந்த வயதுக் குட்டிக்குப் பறவை, வேறு பாம்பு, பெரிய தவளை எல்லாமே எமன். ஒரு பென்சில் தடிப்புக்கூட இல்லாத உயிர். திறந்த வெளியில் நின்றால் தன்னை யாரோ தின்னப் போகிறார்கள் என்றுதான் அதற்குத் தோன்றும், தான் தின்பதைப் பற்றி நினைவே வராது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று, உடம்பு இரண்டு பக்கமும் உரசுகிற அளவுக்குச் சின்னதாக ஒளிவிடங்கள் வையுங்கள். கவிழ்த்து, ஒரு வாசல் வெட்டிய தயிர்க் கோப்பை போதும். தொட்டி பெரிதாக இருந்தால் காய்ந்த இலை, தாள், கார்க் பட்டை எதையாவது போட்டு நிரப்புங்கள். தண்ணீர்ப் பாத்திரம் எப்போதும் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கென்று வேறு பெட்டிக்கு மாற்றுவதை விட்டுவிடுங்கள். தொட்டிக்குள்ளேயே கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகிவிடும் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிக் கண்டதில்லை. தூக்கி, வெளிச்சமான வெறும் பெட்டியில் விட்டு, நான்கு பேர் குனிந்து பார்த்தால், ஒரு குட்டிப் பாம்பு சாப்பிடுமா? அப்படியே சாப்பிட்டாலும், வயிற்றில் இரை இருக்கும்போது திரும்பத் தூக்க வேண்டி வருகிறது, அதுவே கக்க வைத்துவிடும்.

மகனுக்கு இது வருத்தமாக இருக்கும், ஆனால் சொல்லியே ஆக வேண்டும்: ஒரு வாரம் தொட வேண்டாம். தண்ணீர் மாற்றலாம், அழுக்கை எடுக்கலாம், அவ்வளவுதான். அவன் அன்பால்தான் தூக்குகிறான் என்பது எனக்கு விளங்குகிறது. பாம்புக்கு அது விளங்காது. அவனுக்கு வேறு வேலை கொடுங்கள். ஒரு கொப்பியில் காலை, மாலை இரண்டு பக்கத்துச் சூட்டையும் எழுதட்டும். 0.1 கிராம் வரை காட்டுகிற சின்னத் தராசு மலிவாகக் கிடைக்கும். அது பாம்புக்கு மட்டும். குசினித் தராசைப் பாவிக்க வேண்டாம். ஓய்வு வாரம் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை, மூடியுள்ள சின்னப் பெட்டியில் விட்டு நிறுத்து எழுதட்டும். பாம்பு வைத்தியத்தில் எனக்கு இந்தக் கொப்பியைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை.

கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். கண் பால்படிந்ததுபோல நீலமாக மங்கி, உடம்பின் நிறமும் மழுங்கியிருந்தால் சட்டை கழற்றப் போகிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் பல பாம்புகள் சாப்பிடாது. சட்டை கழன்ற பின் கொடுக்கலாம். நான்கு வாரத்தில் ஒரு வாரம் இதனாலும் போயிருக்கலாம்.

சரி, இனி எலிக்கு வருவோம்.

மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் வெந்து, நடுவில் பனிக்கட்டி இருக்கும், சில நேரம் வெடிக்கும். வெந்த இறைச்சியின் மணம் பாம்புக்கு இரையின் மணம் அல்ல. அதைவிட, நீங்கள் சோறு சூடாக்குகிற பெட்டி அது. இன்றே அதை உள்ளும் புறமும் வடிவாகத் துடைத்துக் கிருமிநாசினி போடுங்கள்.

முடி முளைக்காத, இளஞ்சிவப்பான எலிக்குஞ்சை இங்கே பிங்கி என்கிறார்கள். இரண்டு கிராம் அளவுதான் இருக்கும். அது இளக இரவு முழுவதும் தேவையில்லை. மூடக்கூடிய சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, எலிக்கென்றே ஒதுக்கிய ஒரு கோப்பையில் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் விடுங்கள். பைக்கு மேலாலேயே விரலால் அமர்த்திப் பாருங்கள். எங்கும் கட்டி தட்டுப்படக் கூடாது; நடுவில் உறைந்திருப்பதை விழுங்கினால் வயிறு கெடும். இளகிய பிறகு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கை தாங்கக்கூடிய சூட்டில், நாற்பது பாகை அளவில், வேறு தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். கேத்தில் தண்ணீர் கூடாது, தோல் வெந்து கிழிந்துவிடும். எடுத்து, கடதாசியால் ஈரத்தை ஒற்றி, உடனே கொடுக்க வேண்டும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது, சாப்பிடாவிட்டால் குப்பைதான்.

ஏன் சூடாக்குகிறோம் என்று மகன் கேட்பான். மலைப்பாம்பு வகைகளுக்கு உதட்டோரம் சூட்டை உணர்கிற குழிகள் உண்டு, சூடான இரை அவற்றுக்கு இருட்டிலும் "தெரியும்". கோர்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகள் இல்லை. அது நாக்கை நீட்டி மணத் துகள்களை எடுத்து, வாயின் மேல்புறத்தில் இருக்கிற ஜேக்கப்சன் உறுப்பில் கொண்டுபோய் வைத்து மணம் பிடிக்கிறது. எலி சூடானால் மணம் கூடுதலாக எழும். நம் வீட்டில் கறியைச் சூடாக்கும்போது பக்கத்து அறையில் இருப்பவர் எழுந்து வருவதில்லையா, அதேதான்.

கொடுக்கிற நேரம் பொழுது சாய்ந்த பிறகு. அறை விளக்கை அணையுங்கள். நீண்ட இடுக்கியால் பிங்கியின் பின்பக்கத்தைப் பிடித்து, தலை முன்னால் இருக்க, ஒளிவிடத்தின் வாசலருகே மெதுவாக ஒரு அசைவு காட்டுங்கள். மூக்கில் இடிக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் எடுக்காவிட்டால் வாசலிலேயே ஒரு சின்னத் தட்டில் வைத்துவிட்டு அறையை விட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். காலையில் போய்ப் பாருங்கள். கூச்சமுள்ள குட்டிகள் யாரும் பார்க்காத நேரத்தில்தான் சாப்பிடும். இருந்தால் எடுத்து, கட்டி எறியுங்கள், ஐந்து முதல் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி. தினமும் நீட்டுவது பாம்புக்குத் தினமும் ஒரு பயம். சாப்பிட்டால் இரண்டு நாள் தொடக் கூடாது.

இரண்டாம் முறையும் மறுத்தால், துளை போட்ட ஒரு சின்ன மூடிப் பெட்டியில் கொஞ்சம் கடதாசியும் பிங்கியும் பாம்பும் வைத்து, மூடி, தொட்டிக்குள்ளேயே சூடான பக்கத்தில் இரவு முழுவதும் விடுங்கள். அந்தப் பெட்டிக்குள்ளும் வெப்பமானியின் நுனியை வைத்துப் பார்த்துவிட்டே விடுங்கள், காற்றில்லாமல் சூடேறினால் ஆபத்து. வேறு பெட்டி வேண்டாம் என்றவர் இப்போது பெட்டி என்கிறாரே என்று நினைக்காதீர்கள். இது இருட்டு, நெருக்கம், தனிமை. அங்கே இருந்தது வெளிச்சமும் ஆட்களும். அதற்கும் அசையாவிட்டால் பிங்கியின் தலையில் ஊசியால் ஒரு சின்னத் துளை போட்டால் கசிகிற ஈரத்தின் மணம் பல குட்டிகளை மசிய வைக்கும். இதைப் பெரியவர்கள் செய்யுங்கள், மகன் பார்க்க வேண்டியதில்லை. வாயைத் திறந்து திணிப்பதை மட்டும் வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். தாடை அவ்வளவு மெல்லியது.

உயிருள்ள எலி பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண் திறக்காத பிங்கி உயிரோடு இருந்தாலும் பாம்பைக் கடிக்காது, அது உண்மை. ஒருமுறைகூடச் சாப்பிடாத, சாகக் கிடக்கிற குட்டிக்கு, வேறு வழி எல்லாம் முடிந்த பின், வைத்தியர் மேற்பார்வையில் அதை யோசிப்பவர்கள் உண்டு. முத்து அந்த நிலையில் இல்லை. அப்புறம், பாம்பு வளரும். இன்று இரண்டு கிராம் கேட்கிற குட்டி இரண்டு, மூன்று வருஷத்தில் நான்கடி நீளமாகி, முழு எலி கேட்கும். உயிருள்ளதுக்குப் பழகியதை அப்போது மாற்றுவது பெரும்பாடு.

வளர்ந்த எலி என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் தன் மலைப்பாம்புக்கு மாலையில் உயிருள்ள எலி ஒன்றை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பாம்புக்குப் பசி இல்லை. எலிக்குப் பசித்தது. காலையில் பாம்பின் முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தோலும் தசையும் இல்லை, முள்ளெலும்பு தெரிந்தது. பாம்பு ஓடவில்லை, திருப்பிக் கடிக்கவில்லை, சுருண்டே கிடந்திருக்கிறது. பல மாதம் மருந்து கட்டினோம். அந்த மனிதர் என் மேசையில் தலையை வைத்து அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவருக்கும் யாரோ ஒரு நண்பர்தான் சொல்லியிருந்தார்.

எலியின் பக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் உயிருள்ள இரை கொடுக்கக் கூடாது என்று ஒரு வரியில் எழுதவில்லை. ஆனால் நம் பொறுப்பில் இருக்கிற முதுகெலும்புள்ள எந்த உயிருக்கும் தேவையில்லாத வேதனை கொடுப்பது குற்றம் என்கிறது, எலியும் அதில் அடக்கம். செத்த எலி கடையில் கிடைக்கும்போது, மூடிய பெட்டிக்குள் ஒரு எலியைத் தப்ப வழியில்லாமல் விடுவது தேவை என்று என்னால் சொல்ல முடியாது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை வளர்க்கிற பிராணிக்கு அதே சட்டப்படி பொறுப்பு பெற்றோருடையது. முத்து மகனின் பாம்பு, கணக்கில் உங்கள் பாம்பு.

செத்ததைப் பாம்பு தின்னாது என்பதும் சரியில்லை. காட்டிலும் செத்துக் கிடப்பதைச் சாப்பிடுகிற பாம்புகளைப் பலர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எலும்பு, ஈரல், குடல் என்று முழு எலியாகக் கிடைப்பதால் வேறு சத்துப் பொடியும் தேவையில்லை. கோழி இறைச்சித் துண்டு அதற்கு ஈடாகாது, எலி பிடிக்கவில்லையே என்று அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் அம்மாவிடம் வருகிறேன். அவர் அருவருப்பில் சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னது வைத்தியரீதியாகச் சரி. எலியிலும் பாம்பிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், இரண்டுமே பார்வைக்கு நோயில்லாமல் இருக்கும். உறைய வைத்தால் அது சாகாது, தூங்கும், இளகியதும் எழும். இந்த நாட்டிலேயே 2015 இல் கண்டுபிடிக்கப்பட்டு வருஷக்கணக்காகத் தொடர்ந்த ஒரு சல்மொனெல்லா பரவல், பாம்புகளுக்குக் கொடுக்கிற உறைய வைத்த எலிகளிலிருந்து வந்தது. 800 பேருக்கு மேல் நோய் கண்டது, அதில் நிறையப் பேர் பிள்ளைகள். 2022 இல் லித்துவேனியாவிலிருந்து அந்த எலிகளை இறக்குமதி செய்வதைப் பிரித்தானியா நிறுத்தியது. அதனால் ஆபத்து முற்றாகப் போய்விட்டது என்று எந்த எலிப் பைக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

முடிந்தால் காராஜில் ஒரு சின்னப் பிரீசர் வையுங்கள், பழையதாக மலிவாகக் கிடைக்கும். அதற்கு இடமில்லாவிட்டால், எலிப் பையை மூடி இறுகும் கெட்டியான பெட்டிக்குள் போட்டு, சாப்பாட்டுச் சாமான் எதுவும் இல்லாத தனி இழுப்பறையில், எல்லாவற்றுக்கும் கீழே வையுங்கள். இப்போது அந்தப் பை மீனோடு சேர்ந்து கிடந்திருந்தால் இழுப்பறையைக் கழுவித் துடையுங்கள். இளக்குகிற கோப்பை, இடுக்கி, தட்டு மூன்றும் எலிக்கு மட்டும். குசினித் தொட்டியில் கழுவ வேண்டாம், இளக்கிய தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். குசினிக்குள்ளும் சாப்பாட்டு மேசையிலும் பாம்பு வரக் கூடாது. தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுச் சுடுநீரில் கை கழுவ வேண்டும். மகன் கழுவுவதை நீங்கள் நின்று பாருங்கள், பன்னிரண்டு வயதில் "கழுவிட்டேன்" என்பது சில நேரம் குழாயைத் திறந்து மூடியதுதான்.

உங்கள் சின்ன மகளைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பாம்பையோ தொட்டியையோ எலியையோ தொடவே கூடாது. அந்த வயதில் கை நேராக வாய்க்குப் போகும், கிருமி வயிற்றோடு நிற்காமல் இரத்தத்திலும் கலக்கலாம். வயதான உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். தொட்டி மகனின் அறையில், பூட்டு உள்ள மூடியோடு இருக்கட்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு வயிற்றோட்டம் வந்தால் வைத்தியரிடம் முதல் வசனமாக "வீட்டில் பாம்பு இருக்கிறது" என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பாம்பின் மேல் அம்மாவுக்குப் பயமும் இருந்தால், அது நம்மூர்ச் சாரைப்பாம்பின் தூரத்து உறவு, விஷமில்லாதது, எலி பிடிப்பதுதான் அதன் தொழில் என்று சொல்லிப் பாருங்கள். வயலில் சாரையைக் கண்டால் அடிக்காமல் விட்ட ஆட்களை அவருக்குத் தெரிந்திருக்கும்.

எப்போது காத்திருக்காமல் என் போன்றவரிடம் வர வேண்டும்? எடை தொடக்கத்தில் இருந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், முதுகெலும்பு கத்தி முனைபோலத் தெரிந்தால், பக்கத்துத் தோல் மடிந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், வாயோரம் சளி இருந்தால், அன்றே ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரைத் தேடுங்கள். எல்லா மிருக வைத்தியரும் பாம்பு பார்ப்பதில்லை, தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். வாங்கியபோது என்ன எடை என்று கடையில் கேட்டுப் பாருங்கள், இந்த நான்கு வாரத்தில் என்ன குறைந்திருக்கிறது என்பதற்கு அது உதவும். சாப்பிட்டுக் கக்கினால் மறுநாளே திரும்பக் கொடுக்காதீர்கள், பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு விட்டு, இன்னும் சின்னதாக ஒன்று கொடுங்கள். நான் சொன்னபடி இடத்தைச் சரி செய்து இரண்டு முறை கொடுத்தும் எடுக்காவிட்டால், மூடிப் பெட்டியும் ஊசித் துளையும் முயன்று பார்க்கும்போதே, எடை குறையாவிட்டாலும் கொண்டுவந்து காட்டுங்கள். அதற்குள் ஆறு வாரமாகிவிடும், இந்தச் சின்ன உடம்புக்கு அதற்கு மேல் சேமிப்பு அதிகம் இருக்காது.

இந்த வார இறுதியில் தெர்மோஸ்டாட்டும் வெப்பமானியும் தராசும் வாங்குங்கள். ஒரு வாரம் ஓய்வு. அடுத்த வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு ஒரு பிங்கி, விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். சனிக்கிழமை காலையில் தட்டு வெறுமையாக இருந்ததா என்பதையும், மகனின் கொப்பியில் உள்ள சூட்டுக் கணக்கையும், இரண்டு எடைகளையும் எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவன் கையெழுத்திலேயே இருக்கட்டும்.